‘அவர் வரக்கூடாது’ என்று போட்ட வாக்கு போதும், இந்த முறை எதற்காகப் போடுவது?

கரைச்சிப்பிள்ளை, 12 செப்டெம்பர் 2024

எனக்கு 33 வயது, ஊர் கிளிநொச்சி. 2010இல் இடம்பெயர்ந்து வந்த கையோடு வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு சனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட்டிருக்கிறேன், 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு, 2019இல் சஜித் பிரேமதாசவுக்கு. ஏன் போட்டாய் என்று கேட்டால் இரண்டு முறைக்கும் ஒரே பதில்தான். முதலில் மகிந்த ராஜபக்ஷ வரக்கூடாது, அப்புறம் அவர் தம்பி கோட்டா வரக்கூடாது. மைத்திரி என்ன செய்வேன் என்று சொன்னார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இந்த முறை அந்தக் காரணம் இல்லை. மகிந்தவின் மகன் நாமல் நிற்கிறார்தான், ஆனால் வெல்லும் போட்டியில் அவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரையும் தோற்கடிக்க வேண்டிய அவசரம் இல்லாத முதல் தேர்தல் எனக்கு இது. அப்படி வந்தபோதுதான் விளங்குகிறது, ஒருவரை ஆதரிக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை என்று.

வீட்டில் நான்கு பேர். அப்பா சங்கு, அதாவது தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சின்னம். அம்மா, தமிழரசுக் கட்சி சொல்லிவிட்டது, சஜித்தின் தொலைபேசிக்குத்தான் என்கிறார். தம்பி அநுரவின் திசைகாட்டி. நேற்றிரவு அப்பாவும் தம்பியும் கதைத்துக் கதைத்துக் குரல் ஏறி, தம்பி புட்டுக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். அம்மா அந்தக் கோப்பையை மூடி வைத்தார், காலையிலும் அது அப்படியே இருந்தது.

யாருக்குப் போட என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஒருவரை ஆதரிக்கிறீர்கள் என்றால் அதற்கு உங்களிடம் உள்ள காரணத்தைச் சொல்லுங்கள். ‘மற்றவரைவிடப் பரவாயில்லை’ என்பதை விட்டுவிட்டு. ஒருவரை ஒருவர் திட்டாமல் எழுதினால் நல்லது.

வளவுக்காரர், 12 செப்டெம்பர் 2024

பிள்ளை, நான் யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர். சங்குக்குத்தான் போடப்போகிறேன். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1982இல் முதல் சனாதிபதித் தேர்தல் நடந்தபோது எனக்கு 22 வயது. குமார் பொன்னம்பலம் நின்றார். பெரிய கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்றது, அப்படியிருந்தும் அவருக்கு 173,934 வாக்கு விழுந்தது. அவர் வெல்வார் என்று யாரும் போடவில்லை, நானும்தான். 2005இல் வடக்கு வாக்களிக்கவில்லை, யாழ் மாவட்டத்தில் 1.21 வீதம்தான் பதிவானது. நாடு முழுக்க மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 180,786. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இறுகும். 2015இல் யாழ்ப்பாணம் மைத்திரிக்கு 253,574 வாக்குக் கொடுத்தது. 2016இல் புதிய அரசியலமைப்பை எழுத அரசியலமைப்புச் சபை, 2017இல் அதன் இடைக்கால அறிக்கை, அதோடு எல்லாம் நின்றது. 2019இல் சஜித்துக்கு 312,722, அதாவது நூற்றுக்கு எண்பத்து மூன்றுக்கும் மேல். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஐந்து வருடம் எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் இருந்தார், அந்தக் கதிரையில் இருந்து எங்களுக்காக எத்தனை தரம் எழுந்து நின்றார் என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது, மாகாண சபைகளுக்கு அதிகாரம் கொடுக்கும் 13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்கிறார். 13 என்பது 1987 தொட்டு அரசியலமைப்பில் இருக்கிற சட்டம், பிள்ளை. சட்டத்தில் உள்ளதைச் செய்வேன் என்று சொல்வதை நாங்கள் சலுகையாக எண்ணி வாக்கைக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதுதான் என் கவலை. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் ஒரேயொரு தேர்தல், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, இன்றுவரை ஆளுநர் ஆட்சி.

எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எங்கள் வாயாலேயே ஒரு தடவை சொல்லவேண்டும், அதை எண்ணிப் பார்க்கக் கூடிய இடத்தில் சொல்லவேண்டும். தேர்தல் ஆணைக்குழு எண்ணி அறிவிக்கும் எண்ணைவிட நம்பகமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மட்டுவாவி, 12 செப்டெம்பர் 2024

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. அரியநேத்திரன் எங்கள் மட்டக்களப்பின் முன்னாள் எம்.பி., அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற அந்த எண்தான் எனக்குப் பயம். கிழக்கில் நாங்கள் மூன்று சமூகங்களில் ஒன்று, அம்பாறையில் இன்னும் குறைவு. ஐந்து இலட்சம் வந்தால் சேதி. இரண்டு இலட்சம் வந்தால்? தமிழருக்கே இந்தக் கோரிக்கை வேண்டாம் என்று நாளைக்கு அதே எண்ணை எடுத்து எங்கள் முகத்துக்கு முன்னால் நீட்டுவார்கள். எண்ணிக் காட்டுவது என்று இறங்கினால் குறைந்த எண்ணுக்கும் நாங்கள்தான் பொறுப்பு.

நான் தொலைபேசிக்குப் போடுகிறேன். சஜித்தை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. என் காரணம் மயிலத்தமடு மேய்ச்சல் தரை. எங்கள் பண்ணையாளர்கள் அதற்காகச் சித்தாண்டியில் றோட்டோரம் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கி இந்த மாதத்தோடு ஒரு வருடம். என் மாமாவின் மாடுகளும் அங்கேதான் மேய்ந்தவை. காலையில் எண்ணி அனுப்பினால் மாலையில் இரண்டு குறைந்து வரும், சில நாள் வாய் கிழிந்து வரும், பன்றிக்கு வைக்கிற வெடியைக் கடித்த மாட்டின் வாயை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மாகாண சபை இருந்து, காணி அதிகாரம் அதன் கையில் இருந்தால், நாங்கள் வாக்குப் போட்ட ஒருவரின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இப்போது நிற்க ஒரு வாசல் இல்லை. அந்த வாசலைத் திறக்கிறேன் என்று வெல்லக்கூடிய ஒருவர் சொல்கிறார், எங்கள் வாக்கு இல்லாமல் அவரால் வெல்லவும் முடியாது. இரண்டாவதுதான் முக்கியம். எங்கள் வாக்குத் தேவைப்படாதவரிடம் எங்களுக்கு என்ன பிடி இருக்கிறது?

இன்னொன்று, சங்குக்கு 1 போடுகிறவர்கள் தொலைபேசிக்கு 2 போடலாம். ஒருவரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள விருப்பத் தெரிவுகளை எண்ணுவார்கள். இதுவரை ஒரு தேர்தலிலும் அந்தத் தேவை வரவில்லை, இந்த முறை வரக்கூடும். ஆனால் புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்து போடாதீர்கள். ஒன்றில் ஒரேயொரு புள்ளடி, இல்லாவிட்டால் 1, 2, 3.

வன்னிக்காற்று, 13 செப்டெம்பர் 2024

திசைகாட்டி. அக்கா, உங்கள் தம்பியின் பக்கம் நான். வயது 28, வவுனியா.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் காணிப் பத்திரம் ஒன்றுக்காக ஒரு அலுவலகத்துக்கு ஆறு தடவை அலைந்தேன். அந்த மேசையில் இருந்தவர் தமிழர், எனக்குத் தெரிந்தவரின் உறவுக்காரர். ஆறாவது முறை அவர் லாச்சியைக் கொஞ்சமாக இழுத்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் உள்ளே வைத்தேன், அன்றைக்கே வேலை முடிந்தது. சமஷ்டி வந்தாலும் அந்த லாச்சி அப்படியேதான் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அநுரவின் ஆட்கள் இதுவரை தனியாக ஆளவில்லை, களவெடுக்கவில்லை. 2019இல் அவருக்கு 3.16 வீதம், இன்றைக்கு முன்னணியில் நிற்கிறார் என்றால் 2022இல் தெருவுக்கு வந்த சனம் சும்மா வரவில்லை. அவர்களின் விஞ்ஞாபனத்தில் மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் வைப்போம் என்றும், 2015இல் தொடங்கி நின்றுபோன அரசியலமைப்பு வேலையை முடிப்போம் என்றும் எழுத்தில் இருக்கிறது.

வளவுக்காரர், 13 செப்டெம்பர் 2024

தம்பி, நீர் சொன்ன லாச்சி உண்மை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006 தீர்ப்பு யார் தொடுத்த வழக்கில் வந்தது? அநுரவின் ஜே.வி.பி. தரப்பு. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தைப் பங்கிடும் பொதுக் கட்டமைப்புக்கு எதிராக 2005இல் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது யார்? அதே கட்சி. கடல் அடித்துக்கொண்டு போன சனத்துக்குக் கொடுக்கிற உதவியைக்கூடச் சேர்ந்து பங்கிடச் சம்மதிக்காதவர்கள் மாகாண சபைக்கு அதிகாரம் கொடுப்பார்கள் என்று எதை வைத்து நம்புகிறீர்? கோபத்தில் கேட்கவில்லை, எனக்கு உண்மையாகவே தெரியவேண்டும்.

வன்னிக்காற்று, 13 செப்டெம்பர் 2024

ஐயா, 2005இல் எனக்கு ஒன்பது வயது. அவர்கள் செய்தது பிழை, அதற்கு அவர்கள் இன்னும் எங்களிடம் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் பழைய பிழை இல்லாத வேட்பாளரைத் தேடினால் தெற்கில் ஒருவரும் மிஞ்சமாட்டார். எழுத்தில் தந்ததை வைத்துத்தான் நான் போடுகிறேன், செய்யாவிட்டால் அடுத்த முறை போடமாட்டேன். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

லயத்துப்பொண்ணு, 14 செப்டெம்பர் 2024

எல்லோரும் வடக்கு கிழக்கையே தமிழர் என்று எழுதுகிறீர்கள், அதனால் மலையகத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நாங்களும் 21ஆம் திகதி வாக்குப் போடுகிறோம். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள், என் அம்மாச்சி வாழ்நாளில் பாதிக்கு மேல் வாக்கு இல்லாமல் இருந்தவர். கடைசி வரை வாக்குப் போடப் போகும்போது நல்ல சேலை கட்டித்தான் போவார்.

எங்கள் வீட்டில் காரணம் நாட்சம்பளம். 1,000 ரூபாயிலிருந்து 1,700 ஆக்குவதாகச் சனாதிபதி ரணில் மே தினத்தில் சொன்னார். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் 1,350ம் அதற்கு மேல் ஊக்கக் கொடுப்பனவு 350ம் என்று வந்து நிற்கிறது. அந்த 350 எடுக்கிற தேயிலைக் கொழுந்தைப் பொறுத்தது. மழை நாளில் கொழுந்து நனைந்து கனக்கும் என்று தராசில் கழிப்பார்கள், கழித்தது போக நிறை காணாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். என் அம்மா 21 வருடமாகக் கொழுந்து எடுக்கிறார், விரல் நுனியில் கறுப்புக் கறை எந்த சவர்க்காரத்துக்கும் போகாது. மாலையில் வந்ததும் ‘இன்னைக்கு முழுப் பேர்’ என்று அவர் சொன்னால்தான் வீட்டில் எல்லோருக்கும் முகம் தெளியும்.

தொழிலாளர் காங்கிரஸ் ரணிலுக்கு, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்துக்கு. தொழிற்சங்கம் சொன்னபடி போடுவது எங்கள் பழக்கம், இந்த முறை அம்மா அதைச் செய்யப்போவதில்லை. ‘லயத்தை விட்டு வெளியே பத்துப் பேர்ச் காணி, என் பேரில் உறுதியோட தருவேன் என்பவர் யாரோ அவருக்கு’ என்றார். அது எல்லோரும் சொல்கிறார்களே அம்மா என்றேன். ‘அப்போ யாருக்கு அதைச் செய்யாவிட்டால் நட்டமோ அவருக்கு’ என்றார். நான் பல்கலைக்கழகம் போனவள், எனக்கு அந்தப் பதில் வரவில்லை.

கடைத்தெரு, 14 செப்டெம்பர் 2024

ஒருவரும் ரணிலின் சிலிண்டரைப் பற்றி எழுதவில்லையே. 2022இல் மண்ணெண்ணெய்க்கு இரண்டு இரவு வரிசையில் படுத்தவன் நான். பால்மா இல்லை, மருந்து இல்லை, விலைவாசி ஒரே வருடத்தில் 70 வீதம் ஏறியது. இன்றைக்கு என் கடையில் சாமான் இருக்கிறது, மின்வெட்டு இல்லை. விலை கூடத்தான், வற் வரி 18 வீதமாகியதும் கஷ்டம்தான். ஆனால் அன்றைக்கு ஒருவரும் பொறுப்பெடுக்க வராதபோது ரணில் வந்தார். ஒருவரை ஆதரிக்க இது போதாதா?

மட்டுவாவி, 14 செப்டெம்பர் 2024

போதும் அண்ணை, நேர்மையான காரணம். ஆனால் உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று நிறுத்தியதும் அவர்தான், அது அடிப்படை உரிமை மீறல் என்று போன மாதம் 22ஆம் திகதி உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரு தேர்தலை வைக்காதவரிடம் இன்னொரு தேர்தலை நான் எப்படிக் கேட்பது?

வெள்ளைமணல், 15 செப்டெம்பர் 2024

முல்லைத்தீவு. நான் போகப்போவதில்லை, ஆனால் உங்கள் ஒருவரின் காரணத்தையும் குறைத்துச் சொல்ல வரவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். 2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கியதிலிருந்து அந்த அம்மா போய்க்கொண்டிருக்கிறார். மகனின் படத்துக்கு மூன்று தடவை லமினேற் செய்தாயிற்று, வெயிலில் பிடித்துப் பிடித்து ஓரம் உரிந்துவிடும். மகனின் சட்டை நீலம், இப்போது படத்தில் அது வெள்ளை மாதிரித் தெரிகிறது. போன கிழமை வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் அவர் ஒரு கேள்விதான் கேட்டார், ‘கையளித்தவர்களின் பட்டியலை எந்தத் திகதியில் தருவீர்கள்?’ மூன்று கட்சி வந்தது. வந்த ஒருவரும் ஒரு திகதி சொல்லவில்லை. ஒருவர் பதிலுக்கு ஒரு துண்டுப் பிரசுரத்தை அவர் கையில் வைத்தார். அம்மா அதை மடித்து என்னிடம் தந்து, எழுத்துச் சின்னதாக இருக்கிறது, இதில் திகதி இருக்கிறதா பார் பிள்ளை என்றார். இரண்டு பக்கமும் வாசித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் போக மனம் வரவில்லை. அந்த அம்மா போவார். சங்குக்கா என்று கேட்டேன், சொல்லவில்லை.

கரைச்சிப்பிள்ளை, 22 செப்டெம்பர் 2024

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம் என்னிடம் பதில் இல்லை என்பதுதான்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குப் போனேன். சீட்டு ஒரு முழத்தை விட நீளம், மேசையில் விரித்தால் அந்தம் கீழே தொங்குகிறது. தேடித்தேடித்தான் சின்னங்களைக் கண்டுபிடித்தேன். தொலைபேசிக்கு 1, திசைகாட்டிக்கு 2 போட்டேன். வீட்டில் ஒருவரும் எதிர்பார்க்காதது, அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மட்டுவாவி சொன்ன வாசல்தான் என் காரணம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லாமல் ஒன்பது மாதம். பெற்றோர் சேர்ந்து கடிதம் எழுதினோம், மேலே அனுப்பியிருக்கிறோம் என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. அந்த ‘மேலே’யில் நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லை. பெரிய விடயங்களை எல்லாம் இந்த ஒரு வாக்கில் ஏற்ற எனக்குத் தெரியவில்லை. மாகாண சபைத் தேர்தல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சஜித் யூனில் இங்கே கிளிநொச்சிக்கு வந்தபோது 13ஐ முழுமையாகச் செய்வேன் என்றார், அநுர எழுத்தில் தேர்தல் என்கிறார். அதனால் அந்த இரண்டு பேர். வளவுக்காரர் ஐயா, உங்கள் காரணம் என்னுடையதைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும், வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தபிறகும் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

முடிவு இன்று பின்னேரம்தான் வந்தது. அநுர 42.31, சஜித் 32.76, முதல் சுற்றில் ஒருவரும் தாண்டவில்லை, வரலாற்றில் முதல் தடவையாக விருப்பத் தெரிவுகளை எண்ணினார்கள். என் சீட்டில் உள்ள 2ஐ எண்ணியிருக்கமாட்டார்கள், சஜித் முதல் இருவரில் இருந்ததால். யாழ் மாவட்டத்தில் சஜித் 121,177, சங்கு 116,688, ரணில் 84,558, அநுர 27,086. எங்கள் வீட்டு விறாந்தை மாதிரியே இருந்தது அந்தப் பட்டியல். சங்குக்கு நாடு முழுக்க 226,343. அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு தாளில் மாவட்டம் மாவட்டமாக எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார், கூட்டி முடித்துவிட்டு இன்னொரு தரம் கூட்டினார்.

தம்பி வெடி கொளுத்துவான் என்று நினைத்தேன், கொளுத்தவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். நான் அவனிடம் அந்த விஞ்ஞாபனத்தைக் கேட்டேன். மாகாண சபைத் தேர்தலைப் பற்றிய வரியைத் தேடி எடுத்து நீலப் பேனையால் கீழே கோடு போட்டுத் தந்தான். அந்தப் பக்கத்தின் மூலையில் 22.09.2024 என்று எழுதி, அப்பாவின் காணி உறுதி இருக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.